உருண்டையை வெட்டித் தைத்தவர்கள்

பிரெஞ்சில் ‘ஃபுசோ’ என்று ஒரு சொல் உண்டு. நூல் நூற்கும் கதிருக்கு அந்தப் பெயர். நடுவில் பருத்து இரண்டு முனையும் கூராக இருக்கும் எதையும் அப்படிச் சொல்வார்கள். நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பூகோள வகுப்பில் ‘ஃபுசோ ஒரேர்’ என்று அடிக்கடி வரும். உலகத்தை 24 ஆகப் பிரித்த நேர மண்டலங்களைத்தான் அப்படி அழைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் நூல் நூற்கும் கதிருக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை, வாத்தியாரும் சொன்னதில்லை.

சம்பந்தம் இதுதான். ஓர் உருண்டையின் மேல்தோலை வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை நீளநீளமாகக் கீறி எடுத்துத் தரையில் விரித்தால், ஒவ்வொரு துண்டும் நடுவில் அகன்று இரு முனையும் கூராக, கதிர் வடிவத்தில்தான் இருக்கும். நம் கண்ணுக்கு அது சாத்துக்குடிச் சுளையின் முதுகு போலத் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் அதைச் ‘சுளை’ என்றே எழுதுகிறேன். உலக உருண்டை செய்தவர்களும், பிறகு ஆகாயத்தில் பலூன் விட்டவர்களும் இந்தச் சுளைக்குள்தான் காலம் கழித்தார்கள். பிரான்சு தேசத்தின் சரித்திரத்தில் இது இரண்டு மூன்று முக்கியமான இடங்களில் தலை காட்டுகிறது.

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடுவோம். காப்பித்தூள் டப்பாவின் மேல் ஒட்டிய காகிதத்தைப் பிரித்தெடுத்தால் அது நீள்சதுரமாக மேசையில் படிந்துவிடும். கடலை மடித்துக் கொடுக்கும் கூம்புப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அப்படியே. ஆனால் ஒரு குடத்தின் வயிற்றில் செய்தித்தாளைச் சுருக்கமே இல்லாமல் ஒட்டிக்காட்டுங்கள் பார்க்கலாம்! நடுவில் படிந்தால் ஓரத்தில் மடியும், ஓரத்தை இழுத்தால் நடுவில் கிழியும். இது நம் கைத்திறமையின் குறை அல்ல. உருண்டையை எந்த அளவும் மாறாமல் தட்டையாக விரிக்கவே முடியாது என்பதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஏன் முடியாது என்பதற்குரிய பொது விதியைக் கௌஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1827-இல் நிறுவினார்.

முடியாது என்று அவர்கள் நிரூபிப்பதற்குப் பல காலம் முன்பே, ஏறக்குறைய முடியும் என்று தொழிலாளிகள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கணக்கு எளிது. 2 மீட்டர் விட்டமுள்ள உருண்டையை 12 சுளையாகச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 6.28 மீட்டர். அதில் பாதி, அதாவது 3.14 மீட்டர், சுளையின் நீளம். சுற்றளவைப் பன்னிரண்டால் வகுத்தால் 52.4 சென்டிமீட்டர், அது சுளையின் நடு அகலம். நடுவிலிருந்து முனையை நோக்கிப் போகப் போக அகலம் எப்படிக் குறையும் என்பதில்தான் சூட்சுமம். 30 பாகை அட்சரேகையில் 45.3, 45 பாகையில் 37, 60 பாகையில் 26.2, 75 பாகையில் 13.6 சென்டிமீட்டர், துருவத்தில் பூஜ்யம். 60 பாகை என்பது முனைக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்கு தூரம்; அங்கே வந்த பிறகுதான் அகலம் பாதியாகிறது. நேர்கோடு போட்டு இழுத்து முக்கோணமாக வெட்டுகிறவனுக்கு உருண்டை வராது, இரண்டு கூம்பை வாயோடு வாய் வைத்தது போலத்தான் வரும். இந்த எண்களுக்குக் ‘கொசைன்’ அட்டவணை தேவை என்று பயப்பட வேண்டாம். ஒரு கால்வட்டம் வரைந்து, அதைச் சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அச்சுக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால், அந்தக் கோடுகளின் நீளமே விகிதத்தைச் சொல்லிவிடும். வேண்டியதெல்லாம் ஓர் அளவுகோலும் ஒரு காம்பசும்தான்.

இப்படி வெட்டிய பிறகும் ஒரு வம்பு மிஞ்சும். தாளில் சுளையின் நடுக்கோட்டை விட வளைந்த ஓரம் நீளமாக இருக்கும். மேலே சொன்ன 12 சுளை உருண்டையில் அந்த வித்தியாசம் சுமார் 5 சென்டிமீட்டர். உருண்டையின் மேலோ இரண்டும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். 24 சுளையாக வெட்டினால் வித்தியாசம் 1.3 சென்டிமீட்டராகக் குறைகிறது. சுளையை இரட்டித்தால் வம்பு நாலில் ஒன்றாகிவிடும்; ஆனால் ஒட்டும் வேலையும் தைக்கும் வேலையும் இரட்டிக்கும். இந்த இழுபறிதான் இந்தத் தொழிலின் முழுக்கதை.

அச்சடித்த சுளைகளில் மிகவும் பேர்பெற்றவை 1507-இல் சேன் தியே என்ற ஊரில் வெளிவந்தவை. இன்று பிரான்சில் வோழ் மலைப்பகுதியில் இருக்கும் அந்த ஊர் அப்போது லொரேன் பிரபுவின் ஆட்சியில் இருந்தது. வால்ட்சேமுல்லர் என்பவரும் ரிங்மான் என்ற பண்டிதரும் சேர்ந்து ஒரு பெரிய சுவர் வரைபடத்தையும், கூடவே மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட 12 சுளைகளையும் வெளியிட்டார்கள். வெட்டி ஒட்டினால் ஒரு பெரிய சாத்துக்குடி அளவுக்குத்தான் உருண்டை வரும். ஆனால் புதிதாகக் கண்டுபிடித்த கண்டத்துக்கு ‘அமெரிக்கா’ என்று பேர் வைத்தது அந்த வெளியீடுதான். அந்தச் சுவர்ப்படத்தில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பிரதியை அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சுளைத் தாளுக்கும் அதே மவுசு. எங்கே மவுசு இருக்கிறதோ அங்கே போலியும் வந்துவிடும். 2017-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்த ஒரு சுளைத்தாளை, அது போலியாக இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகம் கிளப்பியதால் கடைசி நேரத்தில் விலக்கிக்கொண்டார்கள்.

தச்சருக்கும் தையல்காரருக்கும் இல்லாத ஒரு வசதி உருண்டை செய்பவருக்கு உண்டு. காகிதம் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை தடவி ஊறிய சுளையை உருண்டையின் மேல் வைத்து, நடுவிலிருந்து விரலாலும் எலும்புத் தகட்டாலும் நீவிக்கொண்டே போனால் அந்த வம்பை அதுவே விழுங்கிவிடும். ஆனால் துருவத்தில் பன்னிரண்டு கூர்முனைகள் ஒரே புள்ளியில் வந்து முட்டும். எந்த மகானாலும் அதை ஒழுங்காகச் சேர்க்க முடியாது. அதனால் ஆம்ஸ்டர்டாமில் பிளாவ் போன்றவர்கள் சுளையை 70 பாகையிலேயே நறுக்கி நிறுத்திவிட்டு, மேலே ஒரு வட்டத் தாளைக் குல்லா மாதிரி ஒட்டினார்கள். யார் கண்டுபிடித்திருந்தாலும் புத்திசாலிதான்.

பதினான்காம் லூயி மன்னருக்கு இப்படிச் சின்ன உருண்டை எல்லாம் போதுமா? கொரொனெல்லி என்ற வெனிஸ் நகரத்துத் துறவியைப் பாரிசுக்கு வரவழைத்து, 1681 முதல் 1683 வரை இரண்டு உருண்டைகள் செய்தார்கள். ஒன்று பூமி, இன்னொன்று ஆகாயம். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 4 மீட்டர் விட்டம், 2 டன் எடை. இவை அச்சிட்ட சுளைகள் அல்ல, கையால் தீட்டியவை. பூமி உருண்டையில் கலிஃபோர்னியாவைத் தீவாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து நம்பிக்கை அது. இந்த வேலையால் கிடைத்த பேரை வைத்து, ஊர் திரும்பிய கொரொனெல்லி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் சுளைகளை அச்சடித்து ஐரோப்பா முழுவதும் விற்றார். ராஜாவுக்கு ஒன்று, ஊருக்கெல்லாம் அச்சு. நல்ல வியாபாரி.

காகிதத்தை விட்டுத் துணிக்கு வருவோம். இனிமேல்தான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மோன்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் விட்ட கதை நம்மில் பலருக்குப் பள்ளியிலேயே தெரியும். ஆனால் அவர்கள் அனொனே என்ற ஊரில் பரம்பரையாகக் காகிதம் செய்த குடும்பம் என்பதையும், தம்பி எத்தியேன் கட்டடக்கலை படித்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். காகிதம் கையில், வரைபடம் போடும் பயிற்சி தலையில். 1783 ஜூன் 4-ஆம் தேதி ஊரார் முன்னிலையில் அவர்கள் விட்ட முதல் பெரிய பலூன் கோணித்துணியும் உள்ளே காகிதமும் சேர்த்துச் செய்தது. கொள்ளளவு ஏறக்குறைய 790 கன மீட்டர். ஆச்சரியம் என்னவென்றால் அது சுளை சுளையாகச் செய்ததல்ல. மேலே ஒரு குவிமாடம், கீழே மூன்று பட்டைகள் என்று நாலு பெரிய உருப்படிகள். அவற்றைச் சட்டையைப் போல 1,800 பித்தான் போட்டு மாட்டினார்கள்! மேலே கயிற்று வலை. அது சூடான புகையில் ஏறி, சுமார் 10 நிமிடம் பறந்து, 2 கிலோமீட்டர் தள்ளி இறங்கியது.

உருண்டையைத் தட்டையில் வெட்ட இப்படி இரண்டு வழி உண்டு. ஒன்று மேலிருந்து கீழாகச் சுளை. இன்னொன்று அட்சரேகையை ஒட்டிப் படுக்கைப் பட்டை. படுக்கைப் பட்டையை விரித்தால், நுனி நறுக்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தது போல விசிறி வடிவமாக வரும். இதில் ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனி அளவு போட வேண்டும். சுளையில் ஒரே ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் அதன் நகல். இன்னொன்றும் உண்டு. பலூனின் சுமை கீழே தொங்குகிறது, தூக்கும் சக்தி மேலே இருக்கிறது. சுளையின் தையல் மேலும் கீழுமாக இழுப்பின் திசையிலேயே ஓடுவதால் அது நரம்பு மாதிரி வேலை செய்யும். படுக்கைத் தையலை அந்த இழுப்பு பிரித்துவிடப் பார்க்கும். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சுளையைப் பிடித்துக்கொண்டதற்கு இவையே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அனொனே செய்தி பாரிசுக்கு எட்டியதும் ஷார்ல் என்ற பௌதிகப் பேராசிரியர் களத்தில் இறங்கினார். அவர் நம்பியது புகையை அல்ல, இரும்பின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றினால் வரும் ஹைட்ரஜனை. அந்த வாயு எந்தத் துணியிலும் கசிந்து ஓடிவிடும். ரொபேர் சகோதரர்கள் டர்பன்டைனில் ரப்பரைக் கரைத்துப் பட்டுத்துணியில் பூசி அந்த ஓட்டையை அடைத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றித் தைத்தார்கள். பூச்சு ஏறியதும் வெள்ளை மஞ்சளாகிவிட்டதாம். விட்டம் 4 மீட்டர்தான். 1783 ஆகஸ்டு 27 அன்று ஷான் தெ மார்ஸ் மைதானத்திலிருந்து (இன்று ஈஃபில் கோபுரம் இருக்கும் இடம்) கிளம்பி, முக்கால் மணி நேரம் கழித்துக் கொனெஸ் என்ற கிராமத்தில் விழுந்தது. மூச்சு விடுவது போலப் புடைத்துப் புடைத்து அடங்கிய அந்தப் பூதத்தைக் கிராமத்தார் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள். இனி இப்படி ஏதாவது வானத்திலிருந்து வந்தால் பயப்படாதீர்கள் என்று அரசாங்கமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2000-ஆம் ஆண்டு கான்கார்டு விமானம் விழுந்து 113 பேர் இறந்ததும் அதே கொனெஸில்தான்.

இதற்கிடையில் எத்தியேனும் பாரிசுக்கு வந்து, சுவர்க்காகிதத் தொழில் நடத்திய ரெவெய்யோன் என்பவரின் தோட்டத்தில் அடுத்த பலூனைக் கட்டினார். செப்டம்பர் 12-ஆம் தேதி, விஞ்ஞானக் கழகத்தார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழையும் காற்றும் வந்து அதைச் சின்னாபின்னமாக்கின. காகிதமும் பசையும் மழைக்குத் தாங்குமா? ஒரே வாரத்தில் ராஜாவின் முன்னால் காட்டியாக வேண்டும். இரவு பகலாக உழைத்துப் பருத்தித் துணியில் புதிதாக ஒன்றைத் தைத்தார்கள். 19-ஆம் தேதி வெர்சாய் அரண்மனையில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு அது பறந்தது. நவம்பர் 21-இல் பிலாத்ர் தெ ரொசியேயும் தார்லாந்து பிரபுவும் ஏறினார்கள்; தரையோடு கட்டாத பலூனில் மனிதன் பறந்தது அன்றுதான். கையில் ஈரப் பஞ்சை வைத்துக்கொண்டு, துணியில் பற்றிய நெருப்பை அணைத்தபடியே பறந்தார்கள். ரொசியே இரண்டு வருடம் கழித்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் போய் விழுந்து இறந்தார்.

ரெவெய்யோன் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1789 ஏப்ரலில், கூலியைக் குறைக்கச் சொன்னார் என்ற வதந்தியில் அதே தொழிற்சாலையையும் வீட்டையும் கூட்டம் சூறையாடியது. பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிருக்குப் பயந்த அவர் போய் ஒளிந்த இடம் எது தெரியுமா? பஸ்தீய் கோட்டை! ஜூலை 14 வருவதற்குள் அங்கிருந்து வெளியேறிவிட்டார், அது அவருடைய அதிர்ஷ்டம்.

சுளை வெட்டும் வேலை வேடிக்கையாக இல்லாமல் போனது 1870-இல். செப்டம்பர் 19 முதல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தைச் சுற்றி வளைத்துவிட்டது. தந்தி இல்லை, ரயில் இல்லை, தபால் இல்லை. ஊருக்குள் இருந்த பழைய, ஒட்டுப்போட்ட பலூன் ஒன்றில் 23-ஆம் தேதி துய்ருவோஃப் என்பவர் 125 கிலோ தபாலோடு மோன்மார்த்ரிலிருந்து கிளம்பி எதிரியின் தலைக்கு மேலாகத் தப்பிப் போனார். உடனே அரசு பலூன் தபாலுக்கு ஆணை பிறப்பித்தது. ஒரு கடிதம் 4 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, கட்டணம் 20 சாந்தீம். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இந்த விவரத்தில் ஒரு தனி ருசி. ஊர் பட்டினியில் சாகிறது, ஆனாலும் எடையும் கட்டணமும் போட்டுச் சுற்றறிக்கை விட ஒருவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய பலூன்கள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. ரயில் ஓடாததால் காலியாகக் கிடந்த நிலையங்களைத் தொழிற்சாலை ஆக்கினார்கள். கார் தொர்லேயான் நிலையத்தில் கொதார் குடும்பம், வடக்கு நிலையத்தில் யோன், தார்த்துவா என்ற இருவர். ஒரு பலூன் 2,000 கன மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் 15.6 மீட்டர் வருகிறது. ஒரு சுளையின் நீளம் 24 மீட்டரையும் தாண்டும். மொத்தத் துணி தையல் ஓரம் சேர்க்காமலே 760 சதுர மீட்டருக்கு மேல். பட்டு எங்கே கிடைக்கும்? சாதாரணப் பருத்தித் துணிதான். அதன் மேல் ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு. 24 மீட்டர் நீளத் துணியை விரித்து அச்சு வைத்து வெட்ட ரயில் நிலையக் கூடத்தை விடத் தோதான இடம் அந்த ஊரில் ஏது? தையல் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள். ஒரு நிலையத்தில் கையால், இன்னொன்றில் மெஷினில். ஓட்டத் தெரிந்தவர்கள் போனவர்கள் போனபடி. பலூனால் திரும்பி வர முடியாதே! ஆகவே மாலுமிகளைப் பிடித்து, நிலையத்துக் கூரையில் கட்டித் தொங்கவிட்ட கூடையில் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள்.

உள்துறை அமைச்சர் கம்பெத்தாவே அக்டோபர் 7-இல் இப்படித்தான் வெளியேறினார். நாலு மாதத்தில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட பலூன்கள், ஏறக்குறைய 25 லட்சம் கடிதங்கள். பதில்கள் புறாவின் வாலில் கட்டிய நுண்படச் சுருளில் வந்தன. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பிரஷ்யர் பீரங்கியை மேல்நோக்கித் திருப்பவே, நவம்பரிலிருந்து இரவில் கிளம்பினார்கள். இருட்டில் திசை தெரியவில்லை. நவம்பர் 24 இரவு கிளம்பிய ‘வீல் தொர்லேயான்’ என்ற பலூனில் இருந்த இரண்டு பேர், விடிந்தபோது கீழே கடலைப் பார்த்தார்கள். எடையைக் குறைக்கத் தபால் மூட்டை ஒன்றைக் கடலில் தள்ளினார்கள். பதினாலரை மணி நேரத்துக்குப் பிறகு பனி மூடிய ஒரு மலையில் விழுந்து எழுந்தபோது அது நார்வே! சுமார் 1,250 கிலோமீட்டர். முற்றுகையை உடைத்து வெளியே வரும் திட்டத்தைப் பற்றிப் பாரிஸ் தளபதி கம்பெத்தாவுக்கு அனுப்பிய செய்தி அந்தப் பலூனில்தான் இருந்தது. அது சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. வெளியே இருந்த படை நேரத்துக்கு உதவிக்கு வர முடியவில்லை. வேறு இரண்டு பலூன்கள் கடலுக்குள் போயே போய்விட்டன. அந்த ஆட்களும் திரும்பவில்லை.

கார் தொர்லேயான் என்று அன்று சொன்ன நிலையத்துக்கு இன்றைய பெயர் ஆஸ்டர்லிட்ஸ். நம் ஊரில் பிள்ளையோ பேரனோ பாரிசில் இல்லாத வீடு குறைவு. போகிறவர்கள் அந்த நிலையத்தில் இறங்கிச் சேன் நதிக்கரையோடு சிறிது தூரம் நடந்தால் தேசிய நூலகத்தின் நாலு கண்ணாடிக் கோபுரங்கள் தெரியும். பல காலம் பெட்டிக்குள் கிடந்த கொரொனெல்லியின் இரண்டு உருண்டைகளையும் 2006-இலிருந்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.